அணையாத விளக்கை ஏந்தியவர்கள்

2024 டிசம்பர். சியோல் நகரில் கொரிய நாடாளுமன்றத்தின் முன்னால், எலும்பைத் துளைக்கும் குளிரில் லட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி இரவு ராணுவச் சட்டத்தை அறிவித்த அதிபர் யூன் சுக் யோல் பதவி இறங்க வேண்டும் என்பது கோரிக்கை. இத்தகைய கூட்டங்களில் மெழுகுவத்தி ஏந்துவது அங்கே வழக்கம். இம்முறை இளம்பெண்களின் கைகளில் ஒளிர்ந்தவை லைட்ஸ்டிக்குகள். பிடித்தமான பாட்டுக் குழுவின் கச்சேரியில் ஆட்டுவதற்கென்று காசு சேர்த்து வாங்கிய பேட்டரி விளக்குகள் அவை. குழுவுக்குக் குழு வடிவமும் நிறமும் மாறும். 2016இல் இன்னொரு அதிபருக்கு எதிராக மக்கள் திரண்டபோது, காற்றடித்தால் மெழுகுவத்தி அணைந்துபோகும் என்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் ஏளனமாகப் பேசினார். அதற்குப் பதிலாகத்தான் சிலர் இந்த அணையாத விளக்குகளை முதலில் எடுத்துவந்தார்கள். எட்டு ஆண்டுகளில் அவை தெருவையே நிறைத்துவிட்டன. கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு 2007இல் பாடிய ‘இன்டு த நியூ வேர்ல்ட்’ போராட்டப் பாட்டாக ஒலித்தது. டிசம்பர் 14 அன்று பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது.

கே-பாப் எனப்படும் இந்தக் கொரியப் பாப் இசை பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி நிறுவனங்களையும் அரசுக் கொள்கையையும் வருமானத்தையும் சுற்றியே வருகிறது. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தெருவில் நின்ற பெண்களை அது விளக்காது. இந்த இசையை வார்த்தெடுத்தவை கொரிய நிறுவனங்கள். அதை உலகின் மூலை முடுக்கெல்லாம் சுமந்து சென்றவர்கள் ரசிகைகள். இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

வார்ப்படம்

1992 ஏப்ரலில் எம்.பி.சி. தொலைக்காட்சியின் திறமைப் போட்டியொன்றில் சோ தைஜி அண்ட் பாய்ஸ் என்ற மூவர் குழு ராப்பும் ஆட்டமும் கலந்து பாடியது. நடுவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். நாட்டின் பிள்ளைகளோ அந்தப் பாட்டை வாரக்கணக்கில் முதலிடத்தில் வைத்தார்கள். 1996இல் பாட்டுகளுக்கான முன்தணிக்கை ஒழிந்தது. அதே ஆண்டு, லீ சூ-மான் தொடங்கிய எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் எச்.ஓ.டி. என்ற ஐவர் குழுவை அறிமுகம் செய்தது. மறு ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது, கொரியா ஐ.எம்.எஃப். கடனை நாட வேண்டியதாயிற்று. 1999இல் கிம் தே-ஜங் அரசு பண்பாட்டுத் தொழில்களை வளர்க்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

கே-பாப் பற்றி நூல் எழுதிய சமூகவியலாளர் ஜான் லீ, உள்ளூர்ச் சந்தை சிறியதாக இருந்ததே இந்த இசையை வெளிநாடு நோக்கித் தள்ளியது என்கிறார். தென்கொரியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 கோடி, தமிழ்நாட்டைவிடக் குறைவு. ஆகவே ஏற்றுமதிக்கென்றே குழுக்கள் உருவாயின. பத்துப் பன்னிரண்டு வயதில் நிறுவனங்களில் டிரெய்னியாக, அதாவது பயிற்சியாளராகச் சேரும் பிள்ளைகள் பாட்டு, ஆட்டத்தோடு அயல்மொழியும் கற்றார்கள். ஜப்பானிய மொழி படித்துப் பாடிய பாடகி போவாவின் ஆல்பம் 2002இல் ஜப்பானின் ஓரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 15 வயது. 2005இல் சூப்பர் ஜூனியர் குழுவில் சீனரான ஹான் கெங், 2008இல் டூ பி.எம். குழுவில் தாய்லாந்து வேர் கொண்ட நிக்குன் என்று அயல்நாட்டு முகங்களும் சேர்ந்தன.

இசையும் பல ஊர் நீர் கலந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் ஆர் அண்ட் பி, ஹிப்ஹாப் மரபுகள் இதன் உள்ளே எவ்வளவு ஆழமாக ஓடுகின்றன என்பதைக் கிரிஸ்டல் ஆண்டர்சன் தன் ‘சோல் இன் சியோல்’ நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கொரியாவின் தனிச் சரக்கு என்று மட்டும் இதைக் கொண்டாடுபவர்கள் அந்தக் கடனை மறக்கலாகாது.

சுமந்தவர்கள்

2011 ஜூனில் எஸ்.எம். நிறுவனக் குழுக்களின் பாரிஸ் கச்சேரிக்கு டிக்கெட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்தன. கிடைக்காத இளைஞர்கள் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு முன் கூடி ஆடினார்கள். இன்னொரு நாள் கச்சேரி சேர்க்கப்பட்டது. 2012இல் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டிய முதல் காணொளியானது. அது ஒரு பாட்டின் வெற்றி. அதைவிட ஆழமான மாற்றம் 2013 ஜூன் 13 அன்று ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து வந்த ஏழு பையன்களால் நிகழ்ந்தது. பி.டி.எஸ். குழுவுக்குத் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களின் செல்வாக்கு இல்லை. தங்கள் அன்றாடத்தைத் தாங்களே படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அவற்றை உலகம் புரிந்துகொண்டது ரசிகர்களின் மொழிபெயர்ப்பால்தான்.

அந்த வேலையைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். சியோலில் ஒரு நேரலை முடிகிறது. கொரியம் தெரிந்த ஒருத்தி அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அதிலிருந்து ஸ்பானியத்துக்கு ஒருத்தி, போர்த்துகீசியத்துக்கு ஒருத்தி, அரபிக்கு ஒருத்தி. வெறும் வாக்கியத்தை மாற்றினால் போதாது. பையன் தன் அண்ணனை ‘ஹ்யோங்’ என்பான், பெண் தன் அண்ணனை ‘ஒப்பா’ என்பாள், குழுவின் கடைக்குட்டி ‘மக்னே’ என்பதையெல்லாம் குறிப்பெழுதி விளக்க வேண்டும். உறவுச் சொல் தேய்ந்துபோன மொழிகளில் இது கடினமான பணி. கூலி கிடையாது. விடிந்தால் பள்ளிக்கூடம். இப்படித்தான் சிலியிலும் எகிப்திலும் இந்தோனேசியாவிலும் உள்ள பிள்ளைகள் கொரியாவின் உறவுமுறையைக் கற்றுக்கொண்டார்கள்.

2017இல் அமெரிக்காவின் பில்போர்டு விருது விழாவில் பி.டி.எஸ். வென்றது, ரசிகர் வாக்குகள் தீர்மானித்த சமூக ஊடகக் கலைஞர் விருதை. 2018இல் ஆல்பம் பட்டியலில் முதலிடம். 2020இல் ‘டைனமைட்’ பாட்டுக்குத் தனிப்பாடல் பட்டியலில் முதலிடம். அமெரிக்க வானொலி நிலையங்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதிப் பாட்டுப் போடச் சொன்னவர்களும் ரசிகைகள்தாம்.

இப்படிப் பழகிய கைகள் பிறகு வேறு வேலைக்கும் நீண்டன. 2020 ஜூனில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பி.டி.எஸ்ஸும் அதன் நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்ததும், ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினார்கள். தாய்லாந்தில் மெட்ரோ நிலையங்களில் நட்சத்திரங்களின் பிறந்தநாள் விளம்பரத்துக்குச் செலவிட்ட பணத்தை, கொரோனாக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளின்றித் தவித்த டுக்-டுக் ஓட்டுநர்களின் வண்டிகளில் பதாகை கட்டச் செலவிட்டார்கள். 2019 இறுதியில் சிலி அரசின் உள்துறை, நாட்டை உலுக்கிய போராட்டங்கள் குறித்த அறிக்கையில் கே-பாப் ரசிகர்களின் பங்கையும் சேர்த்தது. இந்தோனேசியாவிலும் கொரியாவிலும் உள்ள இளம்பெண்கள் 2021இல் தொடங்கிய ‘கேபாப் ஃபார் பிளானட்’, சொந்தத் துறையின் குப்பைக்கே பதில் சொல்லுமாறு நிறுவனங்களைக் கேட்கிறது.

விலை

அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? ஓர் ஆல்பம் பெட்டியைப் பிரித்தால் குறுந்தகடு, புகைப்பட நூல், குழுவினரின் முகம் அச்சிட்ட ஒன்றிரண்டு போட்டோகார்டு இருக்கும். எவருடைய கார்டு என்பது பிரித்த பிறகுதான் தெரியும். வேண்டிய முகம் வராவிட்டால் இன்னொரு பெட்டி. நட்சத்திரத்தை நேரில் சந்திக்கும் குலுக்கலிலும் எத்தனை ஆல்பம் வாங்கினோமோ அத்தனை வாய்ப்பு. பதினான்கு வயதுப் பிள்ளையின் ஏக்கத்தை லாட்டரிச் சீட்டாக்கும் வணிகம் இது. இதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

மேடையில் நிற்பவர்களும் இதே வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம். டி.வி.எக்ஸ்.க்யூ. குழுவின் மூவர் 2009இல் தங்கள் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 7 ஆண்டு என்ற வரம்புள்ள மாதிரி ஒப்பந்தமும் அதே ஆண்டுதான் வந்தது. 2019இல் ஆறு வார இடைவெளியில் பாடகியர் சுல்லியையும் கூ ஹாராவையும் இந்தத் துறை இழந்தது. இருவரும் இணைய வசைகளை நெடுநாள் தாங்கியவர்கள். சுமப்பதும் வதைப்பதும் அதே கைபேசித் திரைதான் என்பதை ரசிகர்களும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் வாசலில்

அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அப்பாவை ‘அப்பா’ என்றும் அழைக்கும் கொரிய மொழி நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. சென்னையில் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டச் சிறுமியர் மூவர் பி.டி.எஸ்ஸைப் பார்க்க, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறலாம் என்று நம்பி வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். கையில் 14,000 ரூபாய். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். செய்தியைப் படித்துப் பலர் சிரித்தார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. உன்னை நேசி என்று யாரோ எங்கோ பாடுவது, அருகில் யாரும் சொல்லாததால்தான் அவ்வளவு உரக்கக் கேட்கிறது.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் ஒட்டியிருக்கலாம். கிழிக்காதீர்கள். யார் இவர்கள், என்ன பாடுகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். ஆல்பத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.