முதற்பனியைக் காண்பவரும் அகழ்பவரும்: கவபத்தாவின் ‘பனிநாடு’ நாவலில் ஒரு பழைய நூலின் சுவடு

கவபத்தா யசுனாரியின் ‘பனிநாடு’ (யுக்கிகுனி) நாவலைப் பற்றி நாம் படிக்க நேர்ந்த திறனாய்வுகளுள் பல ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. அந்நாவலில் பனி என்பது அழகின் குறியீடு, தூய்மையின் குறியீடு, நிலையாமையின் குறியீடு என்பதே அக்கருத்து. 1968ஆம் ஆண்டு கவபத்தாவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்ட பின்னர் இது மேலும் வேரூன்றிவிட்டது எனலாம். இதனை முற்றிலும் பிழையென்று தள்ளுவது நம் நோக்கமன்று. ஆயினும் நாவலின் பிற்பகுதியில், ஆண்டின் முதற்பனி விழும் இடத்தில், கவபத்தா செய்துள்ள ஒன்று இக்கருத்துக்கு இடையூறாக நிற்கின்றது. அவ்விடத்தில் அவர் பனியின் வருகையைத் தாம் கண்டவாறு வருணிக்கவில்லை. ஒரு பழைய நூலிலிருந்து எடுத்து வைக்கின்றார். எடுத்ததோடு, குறிப்பிட்ட ஓரிடத்தில் நிறுத்தியும் விடுகின்றார். அந்த நிறுத்தமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

அதற்குமுன் சொல் பற்றி ஒன்று கூற வேண்டும். தமிழில் ‘பனி’ என்பது முதலில் குளிர்ந்த ஈரம். புல்நுனியில் நிற்பது, விடியலில் மூடுவது. முன்பனி, பின்பனி எனப் பருவத்தைப் பகுத்த மொழி, கூரையை முறிக்கும் எடையுள்ள ஒரு பொருளை எண்ணி அச்சொல்லை வழங்கவில்லை. எனவே ‘பனிநாடு’ என்ற தலைப்பைக் கேட்டவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவது மென்மையான ஒரு காட்சி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குப் பனிப்பொழிவு பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில் பணம் கொடுத்துக் காணச் செல்லும் ஒன்றாக இருப்பதும் இதற்குத் துணை செய்கின்றது. இந்நாவலின் நாயகனும் அவ்வாறு காணச் செல்பவனே என்பதால், நம் வாசகர் அவன் பக்கத்தில் அமர்ந்துகொள்வது மிக எளிதாகின்றது.

நாயகன் ஷிமாமுரா தோக்கியோவைச் சேர்ந்தவன். மூதாதையர் செல்வத்தில் வாழ்பவன். மேற்கத்திய பாலே நடனத்தைக் கண்ணால் காணாமலேயே, நூல்களையும் படங்களையும் கொண்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதுபவன். நாவலாசிரியர் போகிற போக்கில் தரும் இச்செய்தியை விட்டுவிடுதல் ஆகாது. எல்லைமலைகளுக்கு அப்பாலுள்ள ஒரு வெந்நீரூற்று ஊருக்கு அவன் மும்முறை வருகின்றான். இளந்தளிர்ப் பருவத்தில் மலையேறி இறங்கியவனாக ஒருமுறை, கடும்பனியில் ஒருமுறை, விட்டிற்பூச்சிகள் முட்டையிடும் பருவத்தில் வந்து முதற்பனி விழும்வரை தங்கியது ஒருமுறை. ஊரின் பெயர் நாவலில் இல்லை. அது நீகாத்தா மாநிலத்தின் யுசாவா என்பதும், கவபத்தா 1934 முதல் அங்குத் தங்கி எழுதினார் என்பதும் யாவரும் அறிந்தவை. 1931இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஷிமிசு குகைவழியே அவ்வூரைத் தோக்கியோவுக்கு அருகில் கொண்டுவந்தது. குகைவழி இல்லையெனில் ஷிமாமுராவும் இல்லை.

மூன்றாம் வருகையில்தான் நாம் குறிப்பிட்ட பகுதி வருகின்றது. இலைகள் உதிர்ந்து காற்றுக் குளிர்ந்தபின் நாள்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். தொலைவிலும் அண்மையிலும் உயர்ந்த சிகரங்கள் வெளுக்கும். அதற்கு அவ்வூர் வழக்கில் ‘சிகரச் சுற்று’ என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. கடலுள்ள இடத்தில் கடலும், மலை ஆழ்ந்த இடத்தில் மலையும் தொலைவிடிபோல் முழங்கும்; அதற்கும் தனிப்பெயர் உண்டு. இவற்றைக் கண்டும் கேட்டும் பனி நெருங்கிவிட்டதை மக்கள் அறிவர். இவ்வளவும் கூறிவிட்டு, பழைய நூலொன்றில் இவ்வாறு எழுதியிருந்தது ஷிமாமுராவின் நினைவுக்கு வந்தது என்று கவபத்தா முடிக்கின்றார். நூலின் பெயரைக் கூறவில்லை.

அந்நூல் ‘ஹொக்குயெட்சு செப்பு’; வடபுல எச்சிகோவின் பனிக்கதைத் தொகுப்பு என்று அதன் பெயரை விரிக்கலாம். ஆசிரியர் சுசுகி பொக்குஷி (1770–1842), யுசாவாவுக்கு வடக்கே ஷியோசாவாவில் வாழ்ந்த வணிகர். ‘சிஜிமி’ என்னும் மெல்லிய நார்த்துணியை வாங்கி விற்றவர். தம் மண்ணின் பனியை எடோ நகரத்தார்க்கு உணர்த்த வேண்டுமென்ற வேட்கையில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள். நகரத்து எழுத்தாளர் ஒருவர்பின் ஒருவராக அவர் வேண்டுகோளை ஏற்றும் கைவிட்டும் காலம் கடத்தினர். முடிவில் சந்தோ கியோசான் என்பவர் பதிப்பாசிரியராக நின்று 1837இல் முதற்பகுதியை வெளியிட்டார். நூல் நன்கு விற்றது. முதுமையில்தான் பொக்குஷிக்கு அந்தப் பேறு வாய்த்தது.

இனி நாம் சுட்டிய நிறுத்தத்துக்கு வருவோம். சிகரங்கள் வெளுப்பதையும் மலை முழங்குவதையும் கூறிய பொக்குஷி அங்கு நிற்கவில்லை. வீட்டின் நலிந்த பகுதிகளைச் செப்பனிடுவது, மரங்களுக்கு முட்டுக்கொடுப்பது, கிணற்றுக்குக் கூரையமைப்பது, மாதக்கணக்கில் கிடைக்காத காய்கறிகளைச் சேமிப்பது என்று ஆயத்தப் பணிகளைக் கூறிச் செல்கின்றார். தொடர்ந்து முதற்பனியைப் பற்றித் தனியே ஒரு பகுதி எழுதுகின்றார். வெப்ப நிலத்தார் முதற்பனி கண்டால் மதுவருந்தி, பாட்டெழுதி, படகேறிக் காட்சி காண்பர். எச்சிகோ மக்களோ, இந்த ஆண்டும் இதற்குள் அகப்பட்டுவிட்டோம் என்று வருந்துவர். செழிப்பான வெப்ப நிலத்தில் பிறந்தவரின் நற்பேற்றைக் கண்டு பொறாமை கொள்ளாதிருக்க முடியுமா என்று கேட்கின்றார். முதற்பனியைக் கொண்டாடுதல் ஜப்பானிய இலக்கியத்தில் நெடுநாள் மரபு; ஹெயான் கால அரசவையில் முதற்பனி நாளில் அவையோர் கூடிப் பரிசு பெறும் வழக்கமும் இருந்தது. அந்த மரபின் எதிரே ஒரு துணிவணிகர் நின்று, இது உங்கள் ஊர்ப் பனி, எங்கள் ஊர்ப் பனியன்று என்கின்றார்.

பொக்குஷியின் வாதம் சொல்லாராய்ச்சியாகவும் அமைகின்றது. பிற ஊர்களில் பனியை ‘வாருவர்’. உதிர்ந்த மலரை வாருவதற்கு இணையாக அது ஓர் அழகிய செயல். எச்சிகோவிலோ கூரைமேல் ஏறிப் பனியை ‘அகழ்வர்’. மண்ணை அகழ்வதுபோலச் செய்வதால் வந்த பெயர் அது என்கின்றார். அகழாவிடில் வீடு முறியும். அகழ்ந்தபின் மீண்டும் விழும். 1834ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், முதற்பனி முதல் பன்னிரண்டாம் திங்கள் 25ஆம் நாள்வரை ஒவ்வொரு பொழிவையும் தனித்தனியே அளந்து கூட்டியபோது 18 ‘ஜோ’ வந்தது என்று எழுதுகின்றார். இன்றைய அளவில் அது 54 மீட்டருக்கும் மேல். ஒரே நேரத்தில் தேங்கி நின்ற உயரமன்று, விழுந்தவற்றின் கூட்டுத்தொகை. மனிதர் தூக்கி எறிய வேண்டிய அளவு என்று கொள்வதே பொருந்தும். கைக்குழந்தையுடன் மனைவியின் பிறந்தகத்துக்குப் புறப்பட்ட இளந்தம்பதியர் வழியில் பனிப்புயலில் மடிய, தாயின் மார்பணைப்பில் குழந்தைமட்டும் உயிரோடு கிடந்த நிகழ்ச்சியையும் அந்நூலில்தான் காண்கின்றோம். இதனைச் சொல்லும்போதும் அவர் குரல் உயர்வதில்லை.

இவற்றுள் எதுவும் கவபத்தாவின் அப்பத்தியில் இல்லை. வெண்சிகரமும் முழக்கமும் வந்தன. முட்டுக்கோலும் மண்வாரியும் வரவில்லை. கவபத்தா உழைப்பைக் களைந்து அழகை மட்டும் கவர்ந்துகொண்டார் என்று இங்கே குற்றஞ்சாட்டத் தோன்றும். அத்தகைய குற்றச்சாட்டு எளிது. ஆனால் நாவலின் வாசகங்கள் அதற்கு இடந்தரவில்லை என்பதே நம் துணிபு.

அப்பத்தி யாருடைய நினைவு என்பதை நோக்க வேண்டும். நினைப்பவன் ஷிமாமுரா. முதற்பனி விழும்போது அவன் எங்கிருந்தான்? விடுதியில், விடிந்தும் எழாமல் படுக்கையில் கிடந்து, செவ்விலை காண வந்த விருந்தினர் நோ நாடகப் பாட்டை ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கடலோ மலையோ முழங்கியதை அவன் கேட்டானா? இல்லை. முழங்கியிருக்குமோ என்று எண்ணுகின்றான். எண்ணிய அளவிலேயே காதின் அடியில் ஒலி செல்வதுபோல் இருக்கின்றது. காணாத பாலேவைப் பற்றி எழுதியவன் கேளாத முழக்கத்தைக் கேட்கின்றான். இரண்டுக்கும் மூலம் நூலே. பொக்குஷியின் பத்தி பாதியில் அறுந்திருப்பது ஷிமாமுராவின் நினைவு அங்கு அறுவதனால்தான். அவனுக்கு வேண்டியது அவ்வளவே.

இதற்குச் சான்றாக அடுத்து வரும் ஓர் உரையாடல் போதும். குளிர்காலம் முழுதும் பனியில் அடைபட்டிருக்கப்போகும் பெண் துறவியரைப் பற்றிப் பேச்சு எழுகின்றது. பழைய காலத்தில் இங்கு நெய்த சிஜிமித் துணியை அவர்கள் நெய்தால் என்ன என்று ஷிமாமுரா கேட்கின்றான். கொமாகோ மறுமொழி கூறவில்லை, இலேசாகச் சிரிக்கின்றாள். அவ்வூரின் கெய்ஷாவாக உழைத்து வாழ்பவள் அவள். அந்தச் சிரிப்பை விளக்காமல் கவபத்தா நகர்ந்துவிடுகின்றார். நாவலில் பனியைப் பற்றிய மிகக் கூர்மையான திறனாய்வு அதுவே என்று நாம் கருதுகின்றோம்.

சிஜிமி பற்றிய பகுதியும் பொக்குஷியிடமிருந்து வந்ததே. நெசவும் இறுதித் தீ விபத்தும் அடங்கிய இந்த நிறைவுப்பகுதி 1937இல் வெளிவந்த நூலில் இல்லை. 1940இலும் அடுத்த ஆண்டிலும் இதழ்களில் எழுதி, போருக்குப்பின் திருத்தி, 1948இல் நாவலை முழுமையாக்கினார். பனிக்காலத்தில் நூற்று, பனிக்காலத்தில் நெய்து, பனிநீரில் அலசி, பனிமேல் விரித்து வெளுத்த துணி அது. பனியே சிஜிமியின் பெற்றோர் என்ற கருத்தைப் பொக்குஷி பெருமிதத்தோடு முன்வைக்கின்றார். பதினைந்து பதினாறு வயது முதல் இருபத்து நான்கு ஐந்து வரையுள்ள பெண்களே சிறந்த நெசவாளிகள் என்னும் செய்தியைக் கவபத்தா அப்படியே ஏற்கின்றார். ஷிமாமுரா அத்துணியைப் பழந்துணிக் கடைகளில் தேடி வாங்கிக் கோடையில் அணிபவன். ஆண்டுதோறும் பனியில் வெளுக்க அனுப்புபவன். நெய்தவர் பெயரின்றி மறைந்தனர், தன்னைப் போன்றோர் உடுத்தத் துணி மட்டும் எஞ்சியது என்று அவனே எண்ணுகின்றான்.

இவ்விடத்தில் கவபத்தாவிடம் நமக்கொரு குறை உண்டு. ஷிமாமுராவின் அவ்வெண்ணம் உண்மையானது. ஆனால் மிக விரைவாக ஆறுதலாக மாறிவிடுகின்றது. பொக்குஷியிடம் ஒரு நெசவுப்பெண்ணின் நிகழ்ச்சி உண்டு. உயர்தரத் துணி நெய்யும் வாய்ப்பு அவளுக்கு முதன்முறையாகக் கிட்டுகின்றது. அரும்பாடுபட்டு நெய்கின்றாள். வெளுத்து வந்த துணியில் புகைநிறக் கறையொன்றைக் கண்டு, அதன்மேல் முகம் புதைத்து அழுது விழுந்தவள் சித்தம் கலங்கிப்போகின்றாள். சிஜிமியைப் பற்றி இத்தனை செய்திகளை எடுத்த நாவலாசிரியர் இதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஷிமாமுரா அத்துணியை அவ்வளவு எளிதில் உடுத்தியிருக்க மாட்டான். நாவலின் இறுதியில், தீயிலிருந்து விழுந்த யோகோவைத் தாங்கியபடி, இவளுக்குச் சித்தம் கலங்கிவிடும் என்று கொமாகோ கதறுகின்றாள். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நிறுவ நம்மிடம் சான்றில்லை. ஆயினும் பொக்குஷியைப் படித்தவர்க்கு அக்கதறல் வேறு விதமாகக் கேட்கும்.

பொக்குஷியையும் ஏழை உழைப்பாளியின் குரலாக உயர்த்திவிட வேண்டுவதில்லை. அவர் வசதி படைத்த வணிகர். பனியை அகழக் கூலியாள் அமர்த்தும் வீட்டினர். பெண்கள் நெய்த துணியில் ஊதியம் கண்டவர். அவர் நூலும் நகரத்தார் வியந்து படிப்பதற்காக எழுதப்பட்டதே. பனிக்கு வெளியே இருப்பவரின் வியப்பைப் பழிக்கும் நூல் அந்த வியப்பினாலேயே விற்றது என்பதில் ஒரு முரண் உண்டு.

கவபத்தா எழுதிய அதே காலத்தில் வேறு சிலரும் பனியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தனர் என்பது மறக்கப்படுகின்றது. பனியை வறட்சி, வெள்ளம் போன்ற ஒரு பேரிடராக அரசு ஏற்க வேண்டுமென்ற இயக்கத்தின் விளைவாக, 1933இல் யமகத்தா மாநிலத்தின் ஷின்ஜோவில் பனிப்பகுதி வேளாண் சிற்றூர்களின் பொருளாதாரத்தை ஆராயும் நிலையம் ஒன்று அமைந்தது. ‘ஹொக்குயெட்சு செப்பு’ 1936இல் இவானாமி மலிவுப் பதிப்பாக வந்தபோது அதனைப் பதிப்பித்தவர் வானிலை அறிஞர் ஒகதா தக்கேமாட்சு. அவ்வாண்டே ஹொக்கைடோவில் செயற்கைப் பனிப்படிகம் உருவாக்கிய இயற்பியலறிஞர் நக்காயா உக்கிச்சிரோ, 1938இல் பனியைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே பொக்குஷியை முன்னிறுத்தினார். அறிவியலார் பொக்குஷியிடம் மக்களின் துன்பத்தையும் கண்டனர். நாவலின் நாயகன் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். இந்தச் சூழலை அறியாமல் ‘பனிநாடு’ காலமற்ற அழகின் ஏடு என்று எழுதுவது ஆய்வாகாது.

இன்று யுசாவாவுக்கு 1982இல் தொடங்கிய அதிவிரைவு ரயில் செல்கின்றது. 1990 முதல் பனிச்சறுக்குத் திடலின் வாயிலிலேயே ஒரு நிலையமும் உண்டு. ஆண்டுதோறும் நீகாத்தாவில் கூரைப்பனியை அகற்றும்போது விழுந்து இறப்போருள் முதியோரே மிகுதி. இளையோர் நகரங்களுக்குப் போய்விட்டனர். ‘பனிநாடு’ நாவலைப் பாடமாக வைக்கும்போது பொக்குஷியின் முதற்பனிப் பகுதியையும், கூரைப்பனி பற்றிய பகுதியையும் சேர்த்து வைத்தல் வேண்டும். இரண்டும் சில பக்கங்களே. அவற்றை மொழிபெயர்ப்போர் ‘பனியை அகற்றினர்’ என்று பொதுவாக எழுதிவிடலாகாது. பொக்குஷி வாருதலையும் அகழ்தலையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கின்றார். தமிழில் அவ்விரு சொற்களும் இருக்கின்றன.