ஈய முத்திரைகளும் ஆர்மீனியப் பிரபுக்களும்: ஒரு மதிப்பீடு

பைசாந்தியப் பேரரசின் ஆவணங்களிற் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. அவற்றிற் கோக்கப்பெற்ற ஈய முத்திரைகள் எஞ்சின. டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிறுவனத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 முத்திரைகள் உள்ளன. 11ஆம் நூற்றாண்டிற் பேரரசின் பணியிலிருந்த ஆர்மீனியப் பிரபுக்களின் முத்திரைகளை இருவகையாக நோக்கலாம். அவற்றை ஆர்மீனிய இனப் பெருமையின் சான்றுகளாகக் கொள்வது ஒன்று. அப்பிரபுக்கள் கிரேக்கராய்க் கரைந்தமைக்குச் சான்றுகளாகக் கொள்வது மற்றையது. இவ்விரு நோக்குகளும் குறைபாடுடையன என்பதே நமது கருத்து.

முத்திரை ஒருவரின் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் பெரும்பாலும் கிரேக்கத்திற் கூறும். அது நிருவாகத்தின் மொழி. அதனைக் கொண்டு ஒருவரது பண்பாட்டை முடிவுசெய்தல் இயலாது. கிரிகோர் பஹ்லவூனி இதற்குத் தக்க சான்று. 1045இல் ஆனி பேரரசின் வசமானபோது அவர் தமது பரம்பரை நிலங்களைக் கையளித்து, வேறிடத்தில் நிலங்களும் 'மகிஸ்திரொஸ்' என்னும் பட்டமும் பெற்றார். ஆயினும், அவர் ஆர்மீனிய மொழியிலேயே கவிதையும் கடிதங்களும் எழுதினார். கிரேக்க நூல்களை அம்மொழிக்குப் பெயர்த்தார். கரைந்துபோனவர் செய்யும் பணிகளா இவை?

இனப் பெருமை நோக்கும் நிலைக்கமாட்டாது. 1071இல் மன்சிகேர்ட் போரிற் பேரரசு தோற்றபின், பிலரெத்தொஸ் பிரகாமியொஸ் கிலிக்கியா முதல் அந்தியோக்கியா வரை தம் ஆதிக்கத்தைப் பரப்பினார். அவர் படிப்படியாகப் பெற்ற பட்டங்களை அவரது முத்திரைகள் காட்டுகின்றன. வரலாற்றேடுகள் தராத இவ்வொழுங்கை மீட்டெடுத்தமை முத்திரையியலாளரின் பெருந்தொண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவரை மிகக் கடுமையாகச் சாடியவர் எதெசாவின் மத்தேயு என்னும் ஆர்மீனியரே. 1078இல் அரியணையேறிய பொத்தனியாத்திஸ் அவருக்குப் பட்டமளித்தமையையும் இங்கு கருதவேண்டும். வாளால் ஏலவே கைப்பற்றப்பட்ட அதிகாரத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதையே அது உணர்த்துகின்றது. பட்டம் அதிகாரத்தின் ஊற்றன்று, அதன் அங்கீகாரமே.

ஆகவே, இம்முத்திரைகளை இனத்தின் அடையாளங்களாகவன்றி, நிலவுடைமை வர்க்கத்துக்கும் பேரரசுக்கும் இடையிலான உடன்பாட்டின் எச்சங்களாகக் காண்பதே பொருந்தும். நிலம் கைமாறியது, பட்டம் வழங்கப்பட்டது. அந்நிலத்தை உழுதவன் பெயரோ எந்த ஈயத்திலும் பொறிக்கப்படவில்லை. முத்திரை பேசுவதை நுணுகி வாசித்த ஆய்வுலகம், அது பேசாது விட்டதையும் வரலாற்றின் பகுதியாகக் கொள்ளும்போதே இத்துறை முழுமைபெறும்.