கடிவாளமா, குதிரையா?

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயில் உடலின் டி செல்களே மூளை, தண்டுவட நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைத் தாக்குகின்றன. அவற்றை அடக்கி வைக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தளர்ந்துபோனதுதான் மூலகாரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. அச்செல்கள் பற்றிய ஆய்வுகளுக்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர். பரிசு அச்செல்களின் இருப்பை உறுதிசெய்கிறது. இந்த நோயில் அவைதான் குற்றவாளி என்று உறுதிசெய்யவில்லை.

விளக்கத்துக்குச் சாதகமான சான்றில் வலுவானது, டேவிட் ஹேஃப்லர் குழு 2004-இல் வெளியிட்டது. நோயாளிகளின் ரத்தத்தில் இச்செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. அடக்கும் திறன்தான் குறைந்திருந்தது. ஆனால் அடக்குவது ஒருவர் கையில் மட்டும் இல்லை. தாக்கும் செல்கள் குதிரை, ஒழுங்குபடுத்தும் செல்கள் கடிவாளம் என்றால், குதிரை முரண்டுபிடித்தாலும் கடிவாளம் தோற்றதாகத்தான் தெரியும். அதைப் பிரித்தறிய ஹேஃப்லர் குழு நோயாளிகளின் செல்களை நலமானவர்களின் செல்களோடு மாற்றிக் கலந்து பார்த்தது. பழுது கடிவாளத்தில் என்றது. 2013-இல் வந்த வேறோர் ஆய்வோ, நோய் முனைப்பாக இருப்பவர்களிடம் தாக்கும் செல்களே அடங்க மறுக்கின்றன என்றும், அதில் இன்டர்லூகின்-6 சமிக்ஞைக்குப் பங்குண்டு என்றும் காட்டியது. ஆய்வகத் தட்டு இன்னும் ஒரே சொல்லாகச் சாட்சி சொல்லவில்லை.

தட்டைவிடப் பெரிய சாட்சி இயற்கையிடம் இருக்கிறது. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதான குழந்தைகளிடம் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அடியோடு செயலிழக்கின்றன. அவர்களைக் கடுமையான வயிற்றுப்போக்கும், முதல் வகை நீரிழிவும், தோல் அழற்சியும் வாட்டுகின்றன. மையலின் சிதைவு அந்நோயின் அடையாளமாக இல்லை. சகாகுச்சியின் 1995 எலிச் சோதனையிலும் தைராய்டு, இரைப்பை போன்ற உறுப்புகள்தான் தாக்கப்பட்டன, மூளை அல்ல. கடிவாளம் அறுந்தால் மட்டும் குதிரை மூளைப்பக்கம் ஓடிவிடாது.

மருந்துகளின் சாட்சி இருபக்கமும் பேசுகிறது. டக்லிசுமாப், ஒழுங்குபடுத்தும் செல்கள் சார்ந்திருக்கும் சிடி25 ஏற்பியையே மறித்து, அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும். விளக்கம் சரியென்றால் நோய் முற்றியிருக்க வேண்டும். மாறாக, 2015-இல் வெளியான, 1,841 பேர் பங்கேற்ற ஒப்பீட்டில், இன்டர்ஃபெரான் பீட்டா பெற்றவர்களைவிட டக்லிசுமாப் பெற்றவர்களுக்கு நோய் மீள்வது 45 விழுக்காடு குறைவாக இருந்தது. வேறு வகைச் செல்களான இயற்கைக் கொல்லி செல்கள் பெருகியது அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் 2018-இல் கடுமையான மூளை அழற்சிகள் தெரியவர, மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. கடிவாளத்தைத் தளர்த்தியதன் விலையோ அது என்ற ஐயம் நியாயமானதே.

ரிட்டுக்சிமாப் சொல்வது இன்னும் தெளிவு. 2008-இல் வெளியான, 104 பேர் பங்கேற்ற சோதனையில் அது பி செல்களை நீக்கிப் புதிய அழற்சிப் புண்களை 91 விழுக்காடு குறைத்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களை அது தொடுவதில்லை. எனவே பி செல்கள் டி செல்களைத் தூண்டிவிடுவதை நிறுத்தியதே பலன் தந்திருக்க வேண்டும். அதாவது, குதிரையை விரட்டும் சாட்டை வேறொரு கையில் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: ஒழுங்குபடுத்தும் செல்களின் தளர்வு நோயைக் கடுமையாக்கும் துணைக்காரணம், தொடக்கப்புள்ளி என்பது நிறுவப்படவில்லை. அவற்றைப் பெருக்கிச் செலுத்தும் சிகிச்சையை முயல்வது தகும். ஆனால் நோயாளியின் தாக்கும் செல்கள் அடங்குபவையா, அடங்க மறுப்பவையா என்று முதலில் பார்க்காத சோதனை, முரண்டுபிடிக்கும் குதிரைக்குப் புதுக் கடிவாளம் வாங்கும் செலவாகவே முடியும்.