கூத்து ஆய்வில் விடுபட்ட மாதங்கள்

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் பெரும்பகுதி அரங்கேற்ற இரவைப் பற்றியதுதான். ஆட்டக்கோலம், தாளக்கட்டு, உடுப்பு, வடமோடி தென்மோடி வேறுபாடு. அதற்கு முந்தைய மாதங்கள் ‘பயிற்சி’ என்ற ஒரு சின்னத் தலைப்புக்குள்ள முடிஞ்சு போகும். ஆனால் ஊரைச் சேர்த்துக் கட்டுகிற வேலை அந்த மாதங்களிலதான் நடக்குது.

படிமுறையைப் பாருங்க. முதலில் சட்டம் கொடுத்தல்: ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு முடிவாகும். மறுகா இரவிரவாக ஆட்டம் பழகுறது. கால் பிடிபட்டதும் சதங்கை அணிதல். அதுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். பிறகு அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், வீட்டுக்கு வீடு போய் ஆடுறது. ஒருத்தர் பாடினதை மற்றவங்க பிற்பாட்டாக எடுக்க வேணும். தன்ட பாட்டை மட்டும் பாடமாக்கித் தப்ப ஏலாது. இந்தக் கலை வடிவமே அடுத்தவனைக் கவனிக்கச் சொல்லுது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் முதலிய கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்துக்குப் படித்தவர் மத்தியில் மதிப்பு வந்தது அதனால்தான்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் எதைச் சுருக்கினோம் என்ற கணக்கில் பாட்டும் ஆட்டமும் மட்டுமே வருகின்றன. மாணவரும் ஒத்திகையில் நெருங்கியிருப்பார்கள். ஆனால் பட்டம் கிடைத்ததும் அவரவர் ஊருக்குப் பிரிந்துவிடுவார்கள். களரியில் சேர்ந்தவர்கள் அதே ஊரில் சாவீட்டிலும் கோயில் சடங்கிலும் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டியவர்கள். இரண்டு உறவும் ஒன்றல்ல.

சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் எனக்கு முக்கியமாகப்படுவது இங்கேதான். மாற்றங்களைக் கூத்தரோடும் ஊராரோடும் கதைத்துச் செய்யும்போது ஒத்திகையே விவாதக் களமாகிறது.

இதை அழகுபடுத்தவும் தேவையில்லை. ராசா வேசம் ஆருக்கு எண்டதில மனத்தாங்கல் வரும். பெண்கள் நெடுங்காலம் ஆட்டக்களத்துக்கு வெளியேதான். அந்த உறவுக்குள்ள இதுவும் அடக்கம்.

ஆகவே இனிக் கூத்து ஆய்வு செய்ய வாற பிள்ளைகளிட்ட நான் கேக்கிறது இதுதான்: அரங்கேற்றத்தை மட்டும் படம் பிடிச்சுக்கொண்டு வராதேங்க. சட்டம் கொடுத்த நாளில இருந்து களரியில இருங்க. ஆர் கோவிச்சுப் போனார், ஆர் போய்க் கூட்டி வந்தார் எண்டதையும் எழுதுங்க.