ஞாயிறும் வேலை நாளாக

2014 ஜனவரி முதல் 2024 முடியும் வரை ஜொகூர் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூருக்கும் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூருக்கும் சனி, ஞாயிறு. இரு பக்கமும் வேலைத் தொடர்பு வைத்திருந்தவர்களுக்குப் பொருந்தி வந்தவை திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள்கள்தாம்.

அந்த நெருக்கடியில்தான் அவுட்லுக் நாள்காட்டியின் அருமை தெரியும். வேலை நாள்களை நாமே குறித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கு ஒரு டிக், வெள்ளிக்கு நீக்கம், அவ்வளவுதான். வியாழன் மாலை வந்த மின்னஞ்சலுக்குக் கொடிக் குறி போட்டு, ஞாயிறு காலைக்கு நினைவூட்டல் வைத்தால், அது பணிப் பட்டியலில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு மிகவும் பிடித்தது, நேரம் குறித்து அனுப்பும் வசதி. ஞாயிறன்று எழுதிய பதில், சிங்கப்பூர்க்காரரின் ஓய்வைக் கலைக்காமல் திங்கள் காலை எட்டரைக்குப் போய்ச் சேரும். எத்தனை பண்பான ஏற்பாடு!

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய அமைப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள். வாராவாரம் தானாக வந்து நிற்கும் ஞாயிற்றுக் கூட்டங்களையும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.