கதவோரச் சீட்டு

கார் தோல் சீட்டைத் துடைக்கும் வேலையில் எனக்குத் தனி லயிப்பு உண்டு. டிரைவர் சீட்டின் கதவோர மேட்டில்தான் ஆரம்பிப்பேன். ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு உரசுவது அங்கேதான். அங்கே தெரியும் பளபளப்பு வியர்வைப் பிசுக்கு. மென்மையான பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்பு நுரை எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால், தோலின் ரேகைகளுக்குள்ளிருந்து பழுப்பு நுரை மேலே வரும். என்ன திருப்தி அது! உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தையல் துளைகளில் ஈரம் இறங்கக் கூடாது.

தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். இன்றைய பெரும்பாலான சீட்டுகளின் மேல் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது; எண்ணெய் அதன்மேல் தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு அவசியம். வெளிர்நிறச் சீட்டில் புது ஜீன்ஸின் நீலம் ஒட்டினால் அன்றே துடைத்துவிடுங்கள். நாள்பட்டால் பூச்சுக்குள் ஊறிவிடும்.