கோடை என்பது காலமா, காற்றா? குறுந்தொகை 248ஐ முன்வைத்து

நெய்தல் என்றதும் நமக்குப் பள்ளிக்கூட அட்டவணைதான் ஞாபகம் வரும். கடலும் கடல் சார்ந்த இடமும், தெய்வம் வருணன், பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். தேர்வுக்கு இது போதும். பாட்டை வாசிக்கப் போதாது என்பதுதான் இந்தக் குறிப்பின் வாதம். எடுத்துக்கொண்டிருப்பது உலோச்சனார் பாடிய குறுந்தொகை 248.

முதலில் பாட்டின் நிலைமை. கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. தலைவி தவித்துப் போயிருக்கிறாள். தோழி ஆறுதல் சொல்கிறாள்: அவன் வராமல் போகமாட்டான், நீ அவனோடு சேரும் நாள் கிட்டத்தில் வந்துவிட்டது, அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நடுவில் அவனுடைய ஊர்த் துறையைப் பற்றி ஒரு வர்ணனை. கானலில் பனைமரங்கள் நிற்கின்றன. கோடை கொண்டுவந்து போட்ட மணல், அடும்பங்கொடி படர்ந்த மேடாக ஏறி ஏறி, ஆடுகிற அடிமரத்தைப் புதைக்கிறது. நெடும்பனை குட்டைப்பனை ஆகிவிடுகிறது.

இங்கே "கோடை" என்பதை நம்மில் பலர் வெயில்காலம் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். அந்தப் பொருளும் சங்கப் பாடல்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே மணலை "இட்ட" வேலையைச் செய்தது கோடை. ஒரு பருவம் மணலைத் தூக்கிப் போடாது. போடுவது காற்று. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று சின்ன வகுப்பிலேயே படித்ததுதான். கொண்டலும் வாடையும் மீனவர் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோடை மட்டும் காற்று என்ற பொருளை இழந்து, வெறும் லீவு நாளாகவும் வெயிலாகவும் மிஞ்சிவிட்டது.

காற்று என்று கொண்டால் அடுத்த கேள்வி, எந்தக் கரை? மேலைக் கரையில் மேல்காற்று கடலிலிருந்து ஊருக்குள் வரும், ஈரமும் உப்புமாக. நம்ம கீழைக் கரையில் அதே காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும், காய்ந்த மண்ணோடு. இதைக் காரைக்குடிக்காரர்கள் எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி அறுபது கிலோமீட்டருக்குள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதத்தில் நண்பர்கள் நாலு பேர் அந்தப் பக்கம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினோம். வாசல் கடலைப் பார்த்து இருந்தது. பகல் முழுக்கக் காற்று முதுகுப் பக்கமாக அடித்தது. சோற்றில் மண், காதில் மண். கடலோ கரையோரமாக அலையே இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. "என்ன மாப்ள, கடக்கரைக்கு வந்தா காத்து ஊருக்குள்ளருந்து வருது" என்றான் ஒருத்தன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இது கச்சான் தம்பி. இப்ப இப்பிடித்தான் அடிக்கும். கொண்டல் திரும்புனா அப்ப பாருங்க கடலை." இலக்கியம் கோடை என்று சொல்லும் இடத்தில் அவர் கச்சான் என்கிறார். சொல் மாறியிருக்கிறது. காற்றுக்குத் திசையும் பருவமும் உண்டு என்கிற அறிவு மாறவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய தொண்டிப்பத்தை நம்ம ஊர்த் தொண்டி என்று சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அது சேரர் துறைமுகம், மேலைக் கரை. பெரிப்ளூஸ் நூல் திண்டிஸ் என்று குறிப்பிடுவதும் அதைத்தான். இரண்டு தொண்டியிலும் மேல்காற்று அடிக்கும், ஆனால் ஒன்றில் முகத்தில், மற்றதில் முதுகில்.

உலோச்சனார் எந்தக் கரை? 248ஆம் பாட்டில் ஊர்ப்பெயர் இல்லை. ஆனால் நற்றிணை 131இல் இதே புலவர் பெரியன் என்பவனுடைய பொறையாற்றைப் பாடுகிறார். தரங்கம்பாடிப் பக்கத்துப் பொறையாறாகவே அதைப் பெரும்பாலும் கொள்வார்கள். அதை வைத்து இந்தப் பாட்டும் கீழைக் கரை என்று முடிவுகட்ட முடியாது, ஆனால் அவருக்குக் கீழைக் கரை பழக்கம் என்று சொல்லலாம். மேல்காற்று மண்ணைக் குவித்த மேட்டில் பனை நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளுக்குப் போகலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதே காற்றுதான்.

சரி, காதல் பாட்டுக்குத் திசை எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நெய்தலுக்கென்று தனிப் பெரும்பொழுது கிடையாது, ஆறு பருவமும் பொருந்தும் என்று உரைகாரர்கள் கொள்வார்கள். அதனால் பாட்டில் காலம் வேண்டுமென்றால் வேறு வழியில்தான் கொண்டுவர வேண்டும். உலோச்சனார் காற்றின் வழியாகக் கொண்டுவருகிறார். கோடைக்காற்று வருஷம் முழுக்க அடிப்பதில்லை. அது போட்ட மணலை அடும்பு வேர்விட்டுப் பிடித்துக்கொள்கிறது, அதனால் மேடு நிற்கிறது. அப்படியானால் அந்தப் பனை ஒரு அளவுகோல். எவ்வளவு புதைந்திருக்கிறது என்று பார்த்தே எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். தோழி சொல்ல வருவதும் அதுதான். நெட்டையாகத் தெரிந்த காத்திருப்பு உன் கண்ணெதிரிலேயே குறைந்துகொண்டு வருகிறது. நாள் "குறுகி" வருவதும் பனை "குறிய" ஆவதும் ஒரே வேர்ச்சொல்லில் வருவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

வெறும் வெயில்காலம் என்று வாசித்தால் இந்தக் கணக்கு முழுவதும் காணாமல் போகும். பனைமரம் பின்னணிப் படமாகிவிடும். "நெய்தல் என்றால் இரங்கல்" என்ற அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். புலம்பலைத் தேடிப்போய், ஒரு தோழி ஆதாரம் காட்டித் தைரியம் சொல்வதைக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

பழைய உரைகளில் கோடைக்கு மேல்காற்று என்ற பொருள் உண்டு. அகராதியிலும் உண்டு. இல்லாமல் போனது வாசிக்கிற நம் காதில்தான். நெய்தல் பாட்டு எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டு உரைக்குப் போவது நல்லது என்று படுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது? கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? மணல் போகிறதா, சேர்கிறதா? பாதிப் பாட்டுகளில் இதற்கு விடை கிடைக்காமல் போகலாம். கிடைக்கிற பாட்டில், பேசுகிறவள் எதை நம்பிப் பேசுகிறாள் என்பதும் சேர்ந்து பிடிபடும்.